இங்கிலாந்தில் கவுன்சில் செலவில் பராமரிக்கப்படுவோரின் குடும்பத்தாருக்கு: 'டாப்-அப்' கேட்டு வரும் பில் குறித்து

கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) செலவில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் ஒருவருக்காக, அந்த இல்லம் பிள்ளைகளிடம் 'டாப்-அப்' என்று, அதாவது கவுன்சில் தரும் தொகைக்கு மேல், நேரடியாகப் பணம் கேட்டால், உடனே கட்டிவிடாதீர்கள்.

என் மாமியாருக்கு மறதி நோய் முற்றியதால் மருத்துவமனையிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று முடிவானது. அவருடைய சேமிப்பு 14,250 பவுணுக்கும் குறைவு. ஆகவே ஓய்வூதியத்தில் கைச்செலவுக்கான சிறு தொகை போக மீதியை அவர் செலுத்த, எஞ்சிய கட்டணத்தைக் கவுன்சில் ஏற்றது. கவுன்சில் எங்களுக்குக் காட்டியதும் அந்த ஒரே இல்லத்தைத்தான். ஆனால் சில வாரங்களில் என் கணவரின் பெயருக்கு ஒரு பில் வந்தது. கவுன்சில் தரும் பணம் போதவில்லை என்றும், வாரந்தோறும் 'டாப்-அப்' கட்டவேண்டும் என்றும், தவறினால் மாமியாரை வேறிடத்துக்கு மாற்ற நேரிடும் என்றும் அதில் எழுதியிருந்தது. பெரும்பாலான குடும்பங்களைப் பணம் கட்ட வைப்பது அந்தக் கடைசி வரிதான்.

2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி, தான் ஒதுக்கும் தொகைக்குள் பொருத்தமான இடம் ஒன்றாவது கிடைப்பதைக் கவுன்சில் உறுதிசெய்ய வேண்டும். அப்படி ஓர் இடம் இருந்தும் குடும்பம் விரும்பி விலை கூடிய இல்லத்தைத் தேர்ந்தால் மட்டுமே டாப்-அப் என்ற பேச்சு எழும். அதற்கும் கட்டுபவரின் மனமொத்த சம்மதமும், கவுன்சிலுடன் செய்த எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். அவர் பின்னர் கட்டத் தவறினாலும் இல்லத்துக்கு முழுக் கட்டணத்துக்கும் பொறுப்பு கவுன்சிலே.

அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். முழுச் செலவையும் ஏற்கும் 'தொடர் பராமரிப்பு' பெறுவோர் விஷயத்தில் விதி இன்னும் இறுக்கமானது. மதிப்பீட்டில் தேவை என்று கண்ட எதற்கும் குடும்பத்திடம் பணம் கேட்க முடியாது. முடிதிருத்தம் போன்றவற்றை நாமாக விரும்பித் தனியே வாங்கலாம், அவ்வளவுதான். 'கூடுதல் வசதி' என்ற பெயரில் பராமரிப்புச் செலவையே பில்லில் நுழைக்கிறார்களா என்று பாருங்கள்.

இல்லத்தில் சேர்க்கும் அவசரத்தில் நீட்டப்படும் தாள்களில், கட்டணத்துக்குக் குடும்பத்தவர் ஒருவர் பொறுப்பேற்பதாக ஒரு பிரிவு இருக்கக்கூடும். எங்கள் தாளில் இருந்தது. என் கணவர் கையொப்பமிடாமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நாங்கள் டாப்-அப் ஒப்பந்தம் எதிலாவது கையொப்பமிட்டிருந்தால் அதன் நகலை அனுப்புமாறு இல்லத்துக்கும் கவுன்சிலுக்கும் மின்னஞ்சல் எழுதினோம். இல்லத்தின் முகாமையாளர் தொலைபேசியில், "எல்லாரும் கட்டுகிறார்கள்" என்றார். எழுத்தில் பதில் தரவில்லை. கவுன்சிலின் சமூகப் பணியாளரோ, அது உங்களுக்கும் இல்லத்துக்கும் இடையிலான விவகாரம் என்றார். இடத்தை ஏற்பாடு செய்ததே கவுன்சில் என்னும்போது இது வெறும் கைகழுவல். முறைப்படி முறைப்பாடு கொடுத்த பின்னரே, எங்களிடம் எந்தத் தொகையும் கோரக்கூடாது என்று கவுன்சில் எழுதியது. பில்லும் திரும்பப் பெறப்பட்டது.

கவுன்சிலின் பதில் திருப்தியளிக்காவிட்டால், இத்தகைய முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். இல்லங்களைச் சோதனையிடும் சி.கியூ.சி. தனிநபர் முறைப்பாடுகளைத் தீர்த்துவைப்பதில்லை. அங்கே எழுதிவிட்டுக் காத்திருந்து காலத்தை இழக்கவேண்டாம். விஷயம் தெரியவந்த 12 மாதங்களுக்குள் வரும் முறைப்பாடுகளையே ஒம்பட்ஸ்மன் பொதுவாக ஏற்பார் என்பதால், ஏற்கெனவே கட்டியவர்கள் வங்கிக் கணக்கு அறிக்கைகளைத் திரட்டி இப்போதே கவுன்சிலுக்கு எழுதுங்கள்.