லுங்டா, மெக்லியோட் கஞ்ச்: ஒரு வேளையாவது இங்கே சாப்பிடுங்கள்

இமாச்சலத்தில் தர்மசாலாவுக்கு மேலே, திபெத்திய அகதிகள் நிறைய வாழும் மெக்லியோட் கஞ்சில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மோமோவும் துக்பா என்கிற நூடுல்ஸ் சூப்பும்தான். இருந்தாலும் ஒரு வேளைச் சாப்பாட்டை ஜோகிவாரா சாலையில் இருக்கும் லுங்டாவுக்கு ஒதுக்குங்கள். ஜப்பானியச் சைவ உணவகம். ஜப்பானியர்கள் சிலரின் முயற்சியில் தொடங்கியது, லாப நோக்கம் கிடையாது. வருமானம் திபெத்தில் சிறையிலிருந்து வெளியே வந்து, இந்தியாவுக்குத் தப்பி வந்தவர்களுக்காகப் பாடுபடும் கு-சு-சும் அமைப்புக்குப் போகிறது.

சைவம் தவிர வேறெதுவும் தொடாத அம்மாவோடு போயிருந்தேன். ஒகோனோமியாகி வாங்கினோம். முட்டைக்கோஸைப் பொடியாக அரிந்து மாவில் கலந்து, ஊத்தப்பம் மாதிரி கனமாக வார்த்து, மேலே இனிப்பும் புளிப்புமாக ஒரு சாஸ். ஓரம் மொறுமொறு, நடுவில் கோஸ் இன்னும் நறுக்கென்று. புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் சுடச்சுட வந்தது. காரம் தேடுகிற நாக்குக்கு முதலில் சப்பென்றுதான் இருக்கும்; நாலு வாய்க்கு அப்புறம் பிடித்துவிடும். அம்மா தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

கு-சு-சும்மை 1991-இல் தொடங்கியவர்கள் முன்னாள் அரசியல் கைதிகள். 1987 செப்டம்பர், அக்டோபர், 1988 மார்ச் என திபெத்தின் தலைநகர் லாசாவில் சீன ஆட்சிக்கு எதிராக மூன்று பெரிய போராட்டங்கள் நடந்த மாதங்களையே பெயராக வைத்துக்கொண்டார்கள்: திபெத்திய மொழியில் கு ஒன்பது, சு பத்து, சும் மூன்று. 1987 செப்டம்பர் 27 அன்று டிரெபுங் மடத்துத் துறவிகள் 21 பேர் திபெத்தியக் கொடியோடு ஜோகாங் கோயிலைச் சுற்றி வந்து கைதானார்கள். அக்டோபர் 1, சீனாவின் தேசிய தினம். மறுபடியும் துறவிகள் கிளம்பினார்கள். அடித்து இழுத்துப் போய்க் காவல் நிலையத்தில் அடைத்தது போலீஸ். ஜனங்கள் திரண்டு அந்த நிலையத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே இருந்தவர்களை மீட்க எரிகிற கட்டடத்துக்குள் ஓடினார் ஜம்பா தென்சின் என்ற துறவி. கைகள் வெந்துபோன அவரைக் கூட்டம் தோளில் தூக்கி வரும் புகைப்படம் உலகம் முழுக்கப் பரவியது. அன்று துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அப்படியும் அடங்கவில்லை, 1989 மார்ச்சில் ராணுவச் சட்டமே கொண்டுவந்தார்கள், அது ஓராண்டுக்கு மேல் நீடித்தது.

இப்படிக் கோஷம் போட்டதற்காகச் சிறைக்குப் போய், அடிபட்டு, பனிமலை தாண்டி வருகிறவருக்குத் தங்க இடம், மருத்துவம், பிழைக்க ஒரு தொழில், எல்லாமே முதலிலிருந்து வேண்டும். நாம் கொடுக்கும் பில் பணம் அதற்கு உதவுகிறது என்பதால் நான் விலை பார்க்கவில்லை.

நாங்கள் போனபோது சுஷி செவ்வாயும் வெள்ளியும் மட்டும்தான். அது வேண்டுமென்றால் கிழமை பார்த்துப் போங்கள். மற்ற நாட்களில் அன்றைய செட் சாப்பாடு என்னவென்று கேட்டு அதையே வாங்குங்கள்.