இறங்கிப் பார்த்து வாங்க வேண்டிய சப்பாத்து

நுவரெலியா, ஹட்டன் பக்கம் மலை ஏறும் சப்பாத்து வாங்குபவர்கள் கடையின் சமதரையில் நாலு எட்டு வைத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். அது போதாது. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலைக்கு ஏறும்போது அநேகமாக எந்தச் சப்பாத்தும் சரியாகத்தான் இருக்கும். 5,000க்கு மேற்பட்ட படிகளை இறங்கி வரும்போதுதான் பாதம் முன்னுக்கு வழுக்கி, ஒவ்வொரு படிக்கும் பெருவிரல் நகம் முனையில் இடிக்கும். நகம் கறுத்துப்போவது இதனால்தான்.

பின்னேரம் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த காலுறையும் கொண்டுபோங்கள். உள் சோலைக் கழற்றி நிலத்தில் வைத்து, குதியைப் பின்விளிம்போடு ஒட்டி அதன்மேல் நில்லுங்கள். மிக நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் மிஞ்ச வேண்டும். பாதம் பக்கவாட்டில் வெளியே வழிந்தால் அகலமான வேறு மொடல் கேளுங்கள். கடைக்காரர் ஒரு நம்பர் கூட்டித் தருவார். அதை எடுத்தால் நீளமும் கூடிக் குதி ஆடும், கொப்புளம் வரும்.

ஐரோப்பிய நம்பர் ஒன்று கூடினால் 6.7 மில்லிமீற்றர், பிரித்தானிய நம்பர் என்றால் 8.5. சப்பாத்து நாக்கின் உட்புற லேபிளில் சென்ரிமீற்றரிலும் எண் இருந்தால் அதிலிருந்து தொடங்குவது நல்லது. 

பிறகு கடைப் படிக்கட்டில் இறங்கிப் பாருங்கள். விரல் முனையில் முட்டினால், கணுக்கால் வளைவில் லேஸை இரண்டு சுற்று முறுக்கி இறுக்கி மேல் கொக்கிகளில் மாட்டுங்கள். அப்போதும் முட்டினால் வாங்க வேண்டாம்.

பாவித்த சப்பாத்தில் தோல் நன்றாகவே இருக்கும், சோலில்தான் சந்தேகம். மலையகத்து ஈரத்தில் பொலியூரித்தேன் என்ற நுரைப் பிளாஸ்டிக்கால் செய்த நடுச்சோல் வருடக்கணக்கில் கிடந்தால் உள்ளுக்குள்ளேயே சிதையும். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டொக்கும் இதற்குத் தப்பாது. சோலின் பக்கத்தை நகத்தால் அழுத்துங்கள். மாவாக உதிர்ந்தாலோ, சப்பாத்தை வளைக்கும்போது வெடிப்பு தெரிந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பாதி மலையில் அடிச்சோல் தனியே கழன்று வந்துவிடும்.

நனைந்ததை அடுப்படியில் காய வைக்காதீர்கள், பசை விட்டுப்போகும். பத்திரிகைத் தாளைத் திணித்து, தாள் ஈரமாக ஈரமாக மாற்றிக்கொண்டே வாருங்கள்.