இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்டில் கிராவல் சைக்கிள் ரூட் பேக்கேஜ் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்

"பைக் நாங்கள் தருகிறோம், ரூட் நாங்கள் தருகிறோம், பையைக்கூட அடுத்த தங்குமிடத்தில் கொண்டுபோய் வைத்துவிடுகிறோம், நீங்கள் ஓட்டினால் மட்டும் போதும்" என்று விளம்பரம் கண்ணில் பட்டால், கார்டை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. டெபாசிட் தகராறு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதோடு இப்படி விற்கிறவர்கள் அவர்கள் மட்டும் இல்லை.

நானும் என் மச்சினனும் சேர்ந்து எடுத்த வீக்எண்ட் பேக்கேஜ், இரண்டு பேருக்கும் சேர்த்து 380 பவுண்டு, ஆளுக்கு 150 பவுண்டு டெபாசிட் தனி. 45 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயர் போட்ட கிராவல் பைக் (மண், சரளைப் பாதையில் ஓட்டும் சைக்கிள்), உள்ளூர்க்காரர்களே ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரூட் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பேக்வெல்லில் வேனிலிருந்து இறக்கியதில் ஒன்று சொன்னபடி இருந்தது. மற்றது நேர் ஹேண்டில்பார் வைத்த சாதாரண ஹைபிரிட் சைக்கிள், 35 மில்லிமீட்டர் டயர், நடுவில் பட்டையெல்லாம் தேய்ந்து வழவழ என்று இருந்தது. கேட்டால், "உங்கள் சைஸில் இல்லை, இதுவும் கிட்டத்தட்ட அதேதான்" என்றார் வேன்காரர். அவரும் பாவம், டெலிவரிக்கு மட்டும் வந்தவர். ஆபீஸுக்கு போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. அப்போதே பைக்கையும், டயரையும், பின் பிரேக் பேடையும் நெருக்கமாகப் படம் எடுத்து ஆபீஸுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். பின்னால் காப்பாற்றியது அந்த மெயில்தான்.

பைக்கைவிடப் பெரிய கூத்து ரூட்டில்.

முதல் நாள் மான்சல் டிரெயில். பழைய மிட்லண்ட் ரயில்பாதை அது, 1968இல் ரயில் நின்றுபோனது, இப்போது பேக்வெல் பக்கத்திலிருந்து வை ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாகச் சுமார் 14 கிலோமீட்டருக்கு நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிற பாதை. ஹெட்ஸ்டோன் வயடக்ட் என்கிற உயரமான பழைய ரயில் பாலத்தின் மேல் போகும்போதெல்லாம் அருமையாகத்தான் இருந்தது. மில்லர்ஸ் டேல் தாண்டியதும் அவர்கள் அனுப்பிய ஜிபிஎக்ஸ் ஃபைல் (மேப்பில் ரூட்டைக் கோடாகக் காட்டுவது) காட்டிய கோடு டிரெயிலை விட்டு இறங்கி ஆற்றோரமாகத் திரும்பியது. ரயில்பாதை அலுத்துவிடும் என்று நல்ல இடமாகப் பார்த்துத் திருப்பியிருக்கிறார்கள் போல என்று இறங்கினோம். அது சீ டேல். இரண்டு பக்கமும் சுண்ணாம்புக்கல் பாறை செங்குத்தாக நிற்கும், நடுவில் ஆறு, ஓரத்தில் வேரும் ஈரக் கல்லுமாக ஒற்றையடித் தடம். கொஞ்ச தூரத்தில் அந்தத் தடமும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. பாறை ஆற்றை ஒட்டி நிற்பதால் கரையே கிடையாது, தண்ணீருக்குள் வரிசையாகக் கல் போட்டு வைத்திருக்கிறார்கள், அதில் கால் வைத்துத் தாண்டிப் போகவேண்டும். முந்தின நாள் பெய்த மழையில் பாதிக் கல் முழுகிக் கிடந்தது. மச்சினன் பைக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நடு ஆற்றில் நின்று, "மாமா, இவனுங்க காட்டுனது ரூட்டா, ஆறா?" என்று கத்தினான். எதிரே நாயோடு வந்த வயதான தம்பதி ரொம்ப மரியாதையாக, இது நடப்பவர்களுக்கான பாதை என்று தெரியும்தானே என்று கேட்டார்கள். என்ன பதில் சொல்வது?

இந்தக் கோடு எங்கிருந்து வந்தது என்பது திரும்பி மேலே ஏறி வந்த பிறகுதான் புரிந்தது. அந்த டிரெயிலில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 400 மீட்டர் வரும் நான்கு பெரிய சுரங்கங்கள் பல வருடம் அடைத்தே கிடந்தன. 2011இல்தான் விளக்குப் போட்டுத் திறந்தார்கள். அதற்கு முன்னால் நடப்பவர்கள் சுரங்கம் வந்த இடத்தில் ஃபுட்பாத்தில் (நடப்பவர்களுக்கு மட்டுமான தடம்) இறங்கிச் சுற்றிப் போவார்கள். எங்களுக்குக் கொடுத்த கோடும் அச்சு அசலாக அந்தப் பழைய சுற்று. யாரோ எப்போதோ நடந்து போட்ட டிராக்கை எடுத்து ஒட்டிவிட்டு, "ஓட்டிப் பார்த்தது" என்று விலை போட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் கணிப்பு. சைக்கிளில் ஒரே ஒரு தடவை போயிருந்தால்கூட சுரங்கம் திறந்திருப்பது தெரிந்திருக்கும்.

ஆற்றுக்கு மறுபக்கம் மேட்டில் ஏறினால் அங்கே வேறு வேடிக்கை. ஒயிட் பீக் என்கிற இந்தச் சுண்ணாம்புக்கல் பகுதி முழுக்க வயலுக்கு வயல் கல் சுவர். நடப்பவர்கள் போவதற்கு ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு இடுக்கு விட்டிருப்பார்கள். பைக் ஹேண்டில்பார் அதில் நுழையாது, தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் கொடுக்கவேண்டும். இரண்டாவது சுவரில் நிலத்துக்காரர் வந்து திரும்பிப் போகச் சொன்னார். அவர் சொன்னது நியாயம். இத்தனைக்கும் பக்கத்திலேயே பென்னைன் பிரைடில்வே போகிறது, குதிரைக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட்ட பாதை, அதை விட்டுவிட்டு எங்களை வயலுக்குள் அனுப்பியிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தில் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே வந்து குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே 2003 சட்டப்படி பொறுப்பாக நடந்துகொண்டால் பெரும்பாலான இடத்தில் சைக்கிள் விடலாம். இங்கிலாந்தில் அப்படி இல்லை. மஞ்சள் அம்பு போட்ட ஃபுட்பாத்தில் சைக்கிளுக்கு உரிமை கிடையாது. நீல அம்பு போட்ட பிரைடில்வேயில் 1968 சட்டத்திலிருந்து உரிமை உண்டு, ஆனால் நடப்பவருக்கும் குதிரைக்கும் வழி விடவேண்டும். கத்தரிப்பூ நிற அம்பும் சிவப்பு அம்பும் பைவே, அதிலும் போகலாம். ஆர்டனன்ஸ் சர்வே என்கிற நில அளவை நிறுவனத்தின் ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர் மேப்பில் குட்டிக் குட்டிப் பச்சைக் கோடு ஃபுட்பாத், நீளப் பச்சைக் கோடு பிரைடில்வே. ரூட் வாங்கினால் அந்தக் கோட்டை இந்த மேப்பின் மேல் வைத்துப் பாருங்கள், பத்து நிமிஷ வேலை. ரூட் ஃபைலைக் காசு வாங்கும் முன் காட்டமாட்டோம் என்று சொல்கிற ஆளிடம் வாங்கவே வாங்காதீர்கள். எங்களுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரிதான் அனுப்பினார்கள்.

பிரைடில்வே என்றாலும் உடனே நம்பவேண்டாம். போக உரிமை உண்டு என்றுதான் அர்த்தம், தரை எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. முதல் நாள் ராத்திரி ரூமில் உட்கார்ந்து இரண்டாம் நாள் கோட்டை மேப்பில் வைத்துப் பார்த்தால், ஹேஃபீல்டிலிருந்து ஈடேல் கிராஸ் ஏறி ஜேக்கப்ஸ் லேடர் வழியாக ஈடேலுக்கு இறங்கச் சொல்கிறது! சட்டப்படி சரியான பிரைடில்வேதான், ஆனால் உருளுகிற கல்லும் செங்குத்துமான இறக்கம், சஸ்பென்ஷன் வைத்த மவுண்டன் பைக்காரர்கள் ஆசையாகத் தேடி வருகிற இடம். தேய்ந்த டயரும், அழுத்தினால் இரும்பு உரசுகிற பின் பிரேக்கும் வைத்த ஹைபிரிடில் அங்கே இறங்கியிருந்தால் இந்தப் பதிவை மச்சினன்தான் எழுதியிருப்பான்.

போகவில்லை. காலையில் கடையில் சொந்தக் காசு 32 பவுண்டு கொடுத்து பேட் மாற்றிவிட்டு, டிசிங்டன் டிரெயில் போய் பார்ஸ்லி ஹேயில் ஹை பீக் டிரெயிலில் சேர்ந்து ஓட்டினோம். இரண்டும் பழைய ரயில்பாதை, சேர்த்து 48 கிலோமீட்டர் வரும், முழுவதும் ஓட்டவேண்டும் என்று இல்லை. காசே இல்லாத ரூட் அது, யாரிடமும் வாங்கவேண்டியதில்லை. இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனம் வேண்டுமென்றால் காசில்டன் பக்கம் மாம் டோர் மலையடியில் பழைய சாலை இருக்கிறது, மண் சரிந்து சரிந்து 1979இல் அடியோடு மூடிவிட்ட ஏ625 சாலை, தார் அடுக்கடுக்காக உடைந்து கிடக்கும்.

பணம் விஷயம். கம்பெனிக்கு எழுதினால், "கிராவல் என்றாலே சாகசம்தானே, நிலைமை மாறக்கூடும் என்று விதிமுறையில் போட்டிருக்கிறோம்" என்று பதில். 2015 நுகர்வோர் உரிமைச் சட்டத்தில், வாடகைக்குத் தருகிற பொருள் சொன்னபடி இருக்கவேண்டும், சேவையை நியாயமான கவனத்தோடு செய்யவேண்டும் என்று இருக்கிறது, விதிமுறையில் ஒரு வரி போட்டு அதைத் தட்டிக்கழிக்க முடியாது. கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் செக்‌ஷன் 75இல் பேங்கிடம் போனேன். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள பொருளுக்கு விற்றவரோடு சேர்ந்து கார்டு கம்பெனியும் பொறுப்பு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அன்றைக்கே அனுப்பிய மெயில், ஃபுட்பாத் போர்டு படம், ஓஎஸ் மேப்பில் அவர்கள் கோடு, எல்லாம் வைத்தேன். இழுத்தடித்துக் கடைசியில் 380உம் வந்துவிட்டது. டெபிட் கார்டில் கட்டினால் செக்‌ஷன் 75 கிடையாது, கட்டிய காசைத் திருப்பி வாங்கித் தரச் சொல்லி பேங்கிடம் சார்ஜ்பேக் என்று கேட்கவேண்டும், அதற்குக் காலக்கெடு உண்டு, தாமதிக்காதீர்கள்.

டெபாசிட்டை மச்சினன் டெபிட் கார்டில் கட்டியிருந்தான். அதில் "ஃபிரேமில் கீறல்" என்று 85 பவுண்டு பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கீறல் வேனிலிருந்து இறக்கியபோது எடுத்த படத்திலேயே இருக்கிறது. இலவசமாக ஆலோசனை சொல்லும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஹெல்ப்லைனில் பேசிவிட்டு, 14 நாளுக்குள் தராவிட்டால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போவோம் என்று கடிதம் போட்டிருக்கிறோம். வந்தால் கமெண்டில் சொல்கிறேன்.