2022இல் வாங்கிய கியர் இல்லாத சைக்கிள்: மூன்று வருசம் ஓடிய பிறகு

இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் பெற்றோல் லீற்றர் 338 ரூபாய்க்குப் போன ஏப்ரலில் கொழும்பு டாம் வீதியில் வாங்கியது. 26 அங்குலம், கியர் கிடையாது, இரண்டு பக்கமும் ரிம் பிறேக், பின்னால் கரியர். உள்ளூரில் பொருத்திய வண்டி. குறை சொல்லப்போகிறேன், அதனால் பெயர் வேண்டாம். விலை அறுபதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முந்தின வருசம் இதில் பாதிதான் என்று கடைக்காரரே சொன்னார். மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் மதிப்பைப் பிடித்து வைக்காமல் மிதக்க விட்ட பிறகு டொலர் 200 ரூபாயில் இருந்து 300ஐத் தாண்டியிருந்தது. செயினும் ரயரும் வெளிநாட்டுச் சாமான், அவரோடு சண்டை பிடித்து என்ன பயன்? பக்கத்துக் கடையில் கியர் வைத்த மவுண்டன் சைக்கிள் ஒன்று பளபளவென்று நின்றது. அதில் கரியர் இல்லை. கரியர் இல்லாத சைக்கிளை வைத்துக்கொண்டு அந்த வருசம் கொழும்பில் ஒன்றும் செய்ய முடியாது.

வீடு வெள்ளவத்தை, வேலை கோட்டையில். மரைன் டிரைவ் முழுக்கச் சமதரை என்பதால் கியர் இல்லாதது ஒரு குறையே இல்லை. ஆனால் கடற்காற்று செயினைச் சும்மா விடாது. வாரத்துக்கு ஒரு தடவையாவது எண்ணெய் போடாவிட்டால் கறகறவென்று கத்தும். மட்காட் போல்ட்டுகள் முதல் மழைக்கே துருப்பிடித்துவிட்டன. பிறேக் கட்டை ஈரத்தில் பிடிக்காது, இரண்டு முழம் தள்ளித்தான் நிற்கும். சீற் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

கரியர்தான் பெரிய ஏமாற்றம். 12.5 கிலோ காஸ் சிலிண்டரை ஒருமுறை ஏற்றியதும் இடது பக்கக் கம்பி வளைந்துவிட்டது. நீலச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோர்த்து வீதியோரம் வரிசையாக வைத்துவிட்டு, லொறி வருமா வராதா என்று சனம் காத்திருந்த காலம். விலை 4,860 ரூபாய். அதைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் சாமான் இல்லை. கிடைத்த சிலிண்டரை வளைந்த கரியரில் கட்டி, உருட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பிறகு தெமட்டகொடையில் ஒரு வெல்டிங் கடையில் இரண்டு கம்பி வைத்து ஒட்டினேன். மின்வெட்டுக் காலம், கரண்ட் வரும் நேரம் பார்த்துத்தான் கடைக்காரரும் வேலை செய்தார்.

கரண்ட் இல்லையென்றால் லிஃப்டும் இல்லை. மூன்றாம் மாடிக்குத் தூக்க வேண்டும், வண்டி நல்ல பாரம். “தம்பி, கீழ விடாதேயும், விடிய இராது” என்று மேல்வீட்டு அங்கிள் சொன்னது சரிதான். அந்த மாதங்களில் எங்கள் ஒழுங்கையில் பூட்டோடு போன சைக்கிள்கள் உண்டு.

இதன் அருமை தெரிந்தது மே 9ஆம் தேதி. பிரதமரின் அலரி மாளிகையில் இருந்து கிளம்பிய ஆதரவாளர்கள் காலிமுகத்திடலில் அரசை எதிர்த்த போராட்டக்காரர்களை அடித்து, கூடாரங்களுக்கு நெருப்பு வைத்த பகல். பஸ் நின்றுவிட்டது, ஊரடங்கு என்று செய்தி வருகிறது. கொம்பனித்தெருவால் நகர மண்டபப் பக்கம் ஏறி, தும்முல்லைச் சந்தி, ஹெவ்லொக் வீதி என்று சுற்றி வந்தேன். ஒரு சந்தியில் குறுக்கே கம்பித் தடுப்பு. சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு ஏறினேன். என்னோடு வேலை செய்பவர் காரைக் கோட்டையிலேயே விட்டுவிட்டு நடந்தார்.

ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவை தவிர மற்றவர்களுக்குப் பெற்றோல், டீசல் இல்லை என்று அறிவித்ததும் காலி வீதி வெறிச்சோடியது. சைக்கிளுக்கு அதுபோல ஒரு வீதி இனிக் கிடைக்காது, ஆனால் சந்தோசப்பட மனம் வரவில்லை. பெற்றோல் ஷெட் வரிசையில் ஓட்டோக்காரர்கள் வண்டிக்குள்ளேயே படுத்துக் கிடந்தார்கள். வரிசையிலேயே உயிர் போனவர்களும் இருக்கிறார்கள். அப்புறம் எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தது, என் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லீற்றர். வரிசை கரைந்தது. ஆனாலும் நான் சைக்கிளை விடவில்லை, நாலு லீற்றரை அவசரத்துக்கு வைத்துக்கொண்டேன்.

இன்று வாங்கலாமா? சமதரையில் ஓடுபவர், பாரம் ஏற்றுபவர் வாங்கலாம். பிறேக் கட்டையைக் கடையிலேயே மாற்றச் சொல்லுங்கள், கரியருக்கு வெல்டிங் கூலியையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். கண்டி, பதுளைப் பக்கம் இருப்பவர்கள் இந்த வண்டியைத் தொடவே வேண்டாம்.