ஐந்து வருடம், நான்கு டேக் போர்டு, ஒரு மின்விசிறி

திருவான்மியூரில் கடற்கரைக்குப் பத்து நிமிட நடை தூரத்தில் வீடு. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். உப்புக்காற்றுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு.

2020 பிப்ரவரியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஊதா நிற டேக் போர்டு ஒன்று வாங்கினேன். டேக் (DAC) என்றால் டிஜிட்டல் பாட்டை, ஆம்ப் வழியே ஸ்பீக்கருக்குப் போகும் மின்னலையாக மாற்றுவது. தீப்பெட்டியை விடச் சின்னது, பிசிஎம்5102ஏ சிப், 450 ரூபாய். வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி, ஓசையைப் பெருக்கும் டிபிஏ3116 ஆம்ப் போர்டு, தச்சரிடம் பலகை அறுத்து வாங்கி நானே பெட்டி கட்டிய இரண்டு ஸ்பீக்கர். பாட்டெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில், பெரும்பாலும் சிடியிலிருந்து எடுத்தவை. "இத மாட்டிக் கேட்டுப் பாருங்க சார், பத்தலேன்னா பெருசா ஒண்ணு பாத்துக்கலாம்" என்றார் கடைக்காரர். பத்தவில்லை என்று நினைத்து நான் பெருசு வாங்கியதும், திரும்ப இந்த ஊதாப் போர்டுக்கே வந்து சேர்ந்ததும்தான் மீதிக் கதை.

முதல் நாள் சத்தமே வரவில்லை. ராஸ்பெரி பையின் 12, 35, 40 ஆகிய பின்களிலிருந்து மூன்று ஒயர், மின்சாரம், கிரவுண்ட், எல்லாம் சரி. கன்ஃபிக் ஃபைலில் இந்த வகைப் போர்டுக்கான 'ஹைஃபைபெரி டேக்' வரியும் சேர்த்தாகிவிட்டது. இரண்டு மணி நேரம் மண்டையைப் பிய்த்த பிறகுதான் போர்டைத் திருப்பிப் பார்க்கத் தோன்றியது. பின்பக்கம் நான்கு ஜோடி சின்னத் திட்டுகள் இருந்தன. எதிலும் ஈயம் இல்லை. மூன்றாவது ஜோடி சிப்பின் மியூட் கால். அதை 'ஹெச்' பக்கம் இணைத்தால்தான் சிப் வாயைத் திறக்கும். மற்ற மூன்றும் 'எல்' பக்கம். முன்பக்கம் எஸ்சிகே என்று ஒரு திட்டு. அதை கிரவுண்டோடு சேர்த்தால் வெளியிலிருந்து தனி மாஸ்டர் கிளாக் (தாளம் போடும் துடிப்பு) இல்லாமல், உள்ளே அந்தத் துடிப்பை உருவாக்கும் பிஎல்எல் சுற்றைக் கொண்டே சிப் சமாளித்துக்கொள்ளும். ஐந்து சொட்டு ஈயம் வைத்ததும் பாடியது. இதே போர்டை வாங்குகிறவர்கள் பெட்டியில் பூட்டுவதற்கு முன் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

பாடியது என்றேனே, கூடவே 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சலும் வந்தது. பாட்டு ஓடும்போது தெரியாது. இரவில் மின்விசிறியை அணைத்துவிட்டு ட்வீட்டர் (உயர்ந்த ஓசைக்கான சின்ன ஸ்பீக்கர்) பக்கம் காதை வைத்தால் கேட்கும். 450 ரூபாய்க்கு இவ்வளவுதான் என்று முடிவு கட்டினேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

2021இல் நல்ல போர்டு தேடினேன். முதலில் கண் வைத்தது ஏகே4490 என்ற டேக் சிப் மீது. ஆனால் 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபேயோகாவில் அதைத் தயாரிக்கும் அசாஹி கசேயின் சிப் ஆலை தீப்பிடித்ததிலிருந்து அந்தச் சிப்புகளுக்குப் பெரும் தட்டுப்பாடு. கிடைத்தாலும் ஒரிஜினலா என்று சந்தேகப்படும்படி இருந்தது. அதனால் ஈஎஸ்9038க்யூ2எம் சிப் போட்ட, பெயர் அச்சிடாத போர்டு ஒன்றை வாங்கினேன். காகிதத்தில் 129 டெசிபெல் டைனமிக் ரேஞ்ச், அதாவது உச்ச ஓசைக்கும் சிப்பின் சொந்த இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி. பிசிஎம்5102ஏவுக்கு 112. ஊதாப் போர்டு ஒற்றை மின்சாரத்தில் ஓடும், தனக்கு வேண்டிய நெகட்டிவ் வோல்டேஜைத் தானே தயாரித்துக்கொள்ளும். இதற்கோ ஆப்-ஆம்ப் என்ற துணைச் சிப்புக்காக, பிளஸ், மைனஸ் இரண்டும் எடுக்க உதவும் 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர் தனியாக வேண்டியிருந்தது. டப்பா மூன்று மடங்கு பெரிதாயிற்று. மொத்தச் செலவு நாலாயிரத்தைத் தாண்டியது.

மாட்டியதும் அசந்துவிட்டேன். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அப்படியே எழுந்து நின்றது. ஒரு வாரம் வீட்டுக்கு வந்த எல்லாரையும் பிடித்து உட்காரவைத்துக் கேட்கவைத்தேன். இரைச்சல் மட்டும் அப்படியே இருந்தது. அதுதான் உறுத்தியது. 129 டெசிபெல் எங்கே போனது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேக்கைக் கழற்றிவிட்டு, ஒரு ஆர்சிஏ பிளக்கின் (ஆடியோ ஒயரின் முனை) இரண்டு முனையையும் ஒட்டவைத்து ஆம்பில் சொருகினேன். அதாவது உள்ளே எந்த ஓசையும் போகவில்லை. 'ஸ்ஸ்ஸ்' அதே அளவுக்கு வந்தது. குற்றவாளி ஆம்ப். டேக்கைத் திட்டிக்கொண்டே ஒன்றரை வருடம் ஓட்டியிருக்கிறேன்.

கணக்குப் போட்டால் காரணம் புரிகிறது. 24 வோல்ட் சப்ளையில் அந்த ஆம்ப் அதிகபட்சம் தரக்கூடியது சுமார் 17 வோல்ட் ஆர்எம்எஸ் (ஏறி இறங்கும் அலையின் பயனுறு மதிப்பு). டேக் தருவது 2.1 வோல்ட். எட்டு மடங்கு பெருக்கினாலே ஆம்ப் உச்சத்தைத் தொட்டுவிடும். என் ஆம்ப் போர்டோ 36 டெசிபெல்லில், அதாவது 63 மடங்கில் வைத்து வந்திருக்கிறது. நான் ஒரு பக்கம் பாட்டை மென்பொருளில் நசுக்கிக் குறைக்கிறேன், ஆம்ப் இன்னொரு பக்கம் அதைத் தன் சொந்த இரைச்சலோடு சேர்த்து 63 மடங்கு ஊதுகிறது. அந்தச் சிப்பில் 20, 26, 32, 36 என்று நான்கு நிலைகள் உண்டு. நிலையைத் தீர்மானிப்பது இரண்டு ரெசிஸ்டர்கள். அவற்றை மாற்றி 20க்கு இறக்கினேன். அரிசி முனை அளவு ரெசிஸ்டர், நாற்பதைத் தாண்டிய கண், மூன்றாவது முயற்சியில்தான் உட்கார்ந்தது. இரைச்சல் போயே போச்சு. செலவு பத்து ரூபாய்கூட இல்லை.

அப்படியானால் அந்த மிருதங்கம்? அதையும் பார்த்துவிடலாம் என்று இரண்டு டேக்கிலும் 100 ஹெர்ட்ஸ் ஓசையை ஓடவிட்டு மல்டிமீட்டரில் அளந்தேன். (சாதா மல்டிமீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் தப்பாகக் காட்டலாம், தாழ்ந்த அலைவரிசையே நம்பகம்.) ஊதா 2.1 வோல்ட், புதியது 2.5. ஒன்றரை டெசிபெல் வித்தியாசம். சத்தம் கூடியதாகக் காதுக்குத் தெரியாது, 'நன்றாக இருக்கிறது' என்றுதான் படும். மென்பொருளில் இரண்டையும் சமப்படுத்திவிட்டு, பதினான்கு வயது மகளை ஒயர் மாற்றச் சொல்லி, திரும்பி உட்கார்ந்து ஊகித்தேன். 20 முறைக்கு 11 சரி. பூவா தலையா போட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். அவளும் முயன்றாள், அவளுக்கு 9. பகலில் மின்விசிறி ஓடும்போது என் ஹாலில் போன் மீட்டர் 45 டெசிபெல் காட்டுகிறது. அதற்கு நடுவே 112க்கும் 129க்கும் வித்தியாசம் கேட்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹெட்ஃபோனில் கேட்பவர்கள், வெளிச்சத்தம் புகாத அறை வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம்.

வித்தியாசம் கேட்டது ஒரே ஒரு போர்டில்தான். பழைய இரும்புக் கடையில் கிடைத்த சிடி பிளேயரிலிருந்து பிடுங்கிய பிலிப்ஸ் டிடிஏ1543. 16 பிட், மின்னோட்டத்தை வெளிவிடும் பழைய சிப். படிப்படியான அலையைச் சீராக்கும் டிஜிட்டல் ஃபில்டர் இல்லாமல் அப்படியே ஓட்டினேன். மகள் 20க்கு 17 சொன்னாள், நான் 12. "சலங்கை மங்கலா இருக்குப்பா" என்றாள். இப்படி ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் காது கேட்கும் உச்சமான 20 கிலோஹெர்ட்ஸில் ஓசை 3 டெசிபெல்லுக்குச் சற்று மேல் சரியும். அவள் காதுக்கு அது எட்டுகிறது, என் காது அந்த உயரத்தை எப்போதோ விட்டுவிட்டது. இதைத்தான் பலர் 'இதமான அனலாக் ஓசை' என்று கொண்டாடுகிறார்கள். பிடித்தால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் இந்தச் சிப் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிறது. பளபளவென்று புதிதாகக் கிடைத்தால் யோசியுங்கள்.

இடையில் ஒரு நள்ளிரவு. மின்சாரம் போய் வந்தது. ராஸ்பெரி பை தானாக எழுந்து, விட்ட இடத்திலிருந்து, ஒலியளவை மட்டும் மறந்துவிட்டு முழுச் சத்தத்தில் நாதஸ்வரத்தைத் தொடங்கியது. கீழ்வீட்டு மாமா மறுநாள் காலை என்னைப் பார்க்காமலே நடந்து போனார். பிசிஎம்5102ஏவில் ஒலியளவுக் கட்டுப்பாடு இல்லை, மென்பொருள் அனுப்புவதை அது வெளியே விடும். அதே குடும்பத்தின் பிசிஎம்5122இல் சிப்புக்குள்ளேயே உண்டு. அம்மா அறைக்கு அதைத்தான் வாங்கிவைத்தேன், போனிலிருந்து கூட்டிக் குறைக்கலாம். ஹாலில் டேக்குக்கும் ஆம்புக்கும் நடுவே 10 கிலோ ஓம் வால்யூம் குமிழ் ஒன்றைப் போட்டேன். கையால் திருப்புவது தனிச் சுகம். மின்வெட்டில் இரண்டு மெமரி கார்டு செத்த பிறகு, கார்டில் எழுதாமல் முழுக்க ரேமிலேயே ஓடும் பைகோர்பிளேயர் என்ற மென்பொருளுக்கு மாறினேன். அதற்குப் பிறகு கார்டு போகவில்லை.

இப்போது ஹாலில் ஓடுவது அந்த 450 ரூபாய்ப் போர்டு. ஈஎஸ் போர்டு டிரான்ஸ்ஃபார்மரோடு அலமாரியில் இருக்கிறது. போன மாதம் இடது பக்கம் விட்டுவிட்டுக் கேட்டது. சிப் போய்விட்டதோ என்று பயந்து பெட்டியைத் திறந்தால், ஆர்சிஏ சாக்கெட்டில் பச்சைக் களிம்பு. கடல்காற்று. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன், நாலு நாள் தாங்கியது. பிறகு சாக்கெட்டையே மாற்றிவிட்டேன், தங்கமுலாம் பூசியது, ஜோடி 60 ரூபாய். வலது பக்கத்துக்கும் சேர்த்தே.