கிளின்டன் ஏரியில் கோடையில் மீன்பிடி வழிகாட்டி அமர்த்துவோர் கவனத்திற்கு

போன மாதம், படகில் அழைத்துப் போய் மீன் பிடிக்க வைப்பதாகச் சொன்ன ஒரு வழிகாட்டியிடம் 350 டாலர் இழந்தேன். அதைவிட வலித்தது, ஒன்பது வயது மகளின் கண் முன்னால் அபராதச் சீட்டு வாங்கியது. இல்லினாயில் ப்ளூமிங்டன் நகரப் பக்கம் இருக்கும் நம்மவர்கள் சிலர் இந்த விடுமுறையில் பிள்ளைகளை மீன் பிடிக்க அழைத்துப் போகத் திட்டமிடுவதாகச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் இதே ஆளிடம் சிக்கிவிடக் கூடாது என்றுதான் நடந்ததை எழுதுகிறேன்.

இல்லினாய் மாநிலத்தின் நடுவில் இருக்கும் கிளின்டன், ஏறக்குறைய ஏழாயிரம் பேர் வாழும் சிற்றூர். வழக்கறிஞராக இருந்த காலத்தில் லிங்கன் வந்து வாதாடிய ஊர். அதன் கிழக்கே இருக்கும் ஏரி இயற்கையானது அல்ல. அணுமின் நிலையத்தைக் குளிர்விப்பதற்காக 1970களில் சால்ட் கிரீக் ஓடையை மறித்து உண்டாக்கியது. நிலையம் ஏரியிலிருந்து நீரை எடுத்து, சூடேறிய பிறகு நீண்ட கால்வாய் வழியாக ஏரிக்கே திருப்பி விடுகிறது. இந்த வெந்நீரைச் சொல்லித்தான் அந்த வழிகாட்டி என்னை ஏமாற்றினார்.

"ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீர், ஆண்டு முழுவதும் மீன்" என்பது அவருடைய விளம்பரம். கீழே இருபது முப்பது படங்கள். கை கொள்ளாத கலப்பின வரிப் பாஸ் என்ற பெரிய மீன்கள், கெளுத்தி இன மீன்கள், வாய் நிறையச் சிரிக்கும் மனிதர்கள். தொலைபேசியில் பேசியபோது, மகள் முதன்முறையாகத் தூண்டில் பிடிக்கப் போகிறாள், பெரிய மீன் வேண்டாம், புளூகில் என்ற சின்ன மீன் ஒன்று கிடைத்தாலே போதும் என்றேன். காலை 11 மணி முதல் 3 மணி வரைதான் படகு இருக்கிறது, ஆனால் மீனுக்கு நான் பொறுப்பு என்றார். மீன்பிடி லைசென்ஸ் பற்றிக் கேட்டேன். என் படகில் ஏறினால் என்னுடைய லைசென்ஸே உங்களுக்கும் போதும் என்றார். ஜூன் மாதத்தில் சில நாள்கள் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்க மாநிலம் அனுமதிக்கிறது என்று அலுவலகத்தில் கேள்விப்பட்டிருந்தேன். இதுவும் அப்படி ஒரு சலுகையாக இருக்கும் என்று நம்பிவிட்டேன். பணம் முழுவதையும் முன்கூட்டியே பணம் அனுப்பும் செயலியில், "நண்பர், குடும்பம்" என்ற வகையில் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

ஜூலை மாத நடுப்பகல். படகில் பிள்ளைக்குப் பொருந்தும் உயிர்காப்புச் சட்டை ஒன்றுகூட இல்லை. நல்லவேளையாக நீச்சல் வகுப்புக்கு வாங்கியதை எடுத்துப் போயிருந்தோம். படகிலோ 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் அதை அணிந்தே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம். வெந்நீர் வந்து சேரும் பகுதிக்கு நேராக ஓட்டிப் போய் நங்கூரம் போட்டார். நீரில் கை வைத்துப் பார்த்தேன். குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் போல இருந்தது. இரண்டரை மணி நேரம் மண்புழுவை மாற்றி மாற்றிக் கோத்துப் போட்டோம். தக்கை ஒருமுறைகூட அசையவில்லை. வேறு இடம் போகலாமா என்று இரண்டு முறை கேட்டேன். பொறுங்கள், இதுதான் இடம் என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன்வளச் சட்டத்தைக் கண்காணிக்கும் காவல் அதிகாரியின் படகு வந்தது அப்போதுதான். லைசென்ஸ் கேட்டார். வழிகாட்டியைக் காட்டினேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "லைசென்ஸ் எடுத்து வரச் சொல்லியிருந்தேன், இவர்தான் எடுக்கவில்லை" என்றார். அந்த ஒரு பொய்யை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் வாய்மொழியாகச் சொன்னதற்கு என்னிடம் எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. அதிகாரி மரியாதையாகவே பேசினார்: 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் தம் பெயரில் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், யார் படகில் இருந்தாலும் சரி. மகளுக்குத் தேவையில்லை, எனக்குத் தேவை. மாநிலத்தில் வசிப்பவருக்கு மார்ச் 31 வரை செல்லும் லைசென்ஸ் 15 டாலர்தான்; இணையத்தில் ஐந்து நிமிடத்தில் எடுத்திருக்கலாம். சீட்டை அவர் எழுதிக்கொண்டிருந்தபோது மகள் தன் தூண்டிலைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "இதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா அப்பா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

திரும்பும் வழியில், இரை விற்கும் கடை ஒன்றில் அவளுக்குத் தண்ணீர் வாங்க நிறுத்தினேன். கடையில் இருந்த வயதான அம்மாள் எங்கே போனீர்கள் என்று கேட்டார். சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். குளிர்காலத்தில் மற்ற இடங்கள் உறைந்து கிடக்கும்போது மீன்கள் அந்த வெந்நீரைத் தேடி வந்து கூடுகின்றன. கோடையில் அதே நீரை விட்டு ஓடுகின்றன. சூடு ஏற ஏற நீரில் கரையும் ஆக்சிஜன் குறைகிறது; 25 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கரையக்கூடியது, 35 டிகிரியில் 7 அளவுக்கு இறங்கிவிடும். ஜூலையில் புளூகில் வேண்டுமென்றால் விடியற்காலையிலோ சாயங்காலத்திலோ, வெந்நீருக்குத் தொலைவில், நிழலும் நீர்ச்செடியும் உள்ள கரையில் உட்கார வேண்டும், அதற்குப் படகே வேண்டாம் என்றார். பிறகு என் கைப்பேசியில் அந்த விளம்பரப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, "இவர்கள் எல்லோரும் என்ன உடுத்தியிருக்கிறார்கள், பாருங்கள்" என்றார். கம்பளித் தொப்பி, தடித்த கோட்டு, கையுறை. நான் மீனை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

ஆகவே எவரை அமர்த்தினாலும், நீங்கள் போகப்போகும் அதே மாதத்தில் எடுத்த படத்தைக் கேளுங்கள். மீன் இல்லையென்றால் இடம் மாற்றுவாரா, பணத்தில் எவ்வளவு திருப்பித் தருவார் என்பதைக் குறுஞ்செய்தியிலாவது வாங்கி வையுங்கள். முழுப் பணத்தையும் முன்பே கொடுக்காதீர்கள். "நண்பர், குடும்பம்" என்று அனுப்பிய பணத்திற்குப் பாதுகாப்பு கிடையாது. நான் முறையிட்டபோது செயலி நிறுவனம் சொன்ன பதில் அதுதான். வழிகாட்டி என் அழைப்பை எடுப்பதில்லை.

இன்று காலை அவருடைய விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். ஆகஸ்ட் மாத முன்பதிவு திறந்திருக்கிறது. கட்டணம் 350 டாலர். படங்களும் அவையே.