மேக்ரோபின்னாவா, டோலிகோப்டெரிக்ஸா: கண்காட்சிக்கு எந்த ஆழ்கடல் மீன்?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் குழாய்க்கண் மீன் மாதிரி செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் மேக்ரோபின்னா மைக்ரோஸ்டோமாவைத்தான் எடுப்பார்கள். நாங்கள் எடுத்தது டோலிகோப்டெரிக்ஸ் லாங்கிபெஸ். இரண்டும் ஒரே சின்னக் குடும்பம், இரண்டுக்கும் மேல்நோக்கிய குழாய் போன்ற கண்கள்.

மேக்ரோபின்னா பார்த்ததுமே பிடித்துப்போகும், அதில் சந்தேகமில்லை. வட பசிபிக்கில் 600 முதல் 800 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, தலை கண்ணாடிக் கூண்டு மாதிரி, உள்ளே பச்சைக் கண்கள். 1939-லேயே விவரிக்கப்பட்டாலும், வலையில் வரும்போது அந்தக் கூண்டு சிதைந்துவிடும் என்பதால் ஆய்வாளர்கள் ராபிசனும் ரைசன்பிக்லரும் 2008-இல் எழுதும்வரை அது சரியாகத் தெரியவில்லை. கண்கள் முன்பக்கமாகத் திரும்பும் என்பதையும் அவர்கள்தான் காட்டினார்கள். வாய்க்கு மேலே இருக்கும் இரண்டு புள்ளிகள் மூக்குத் துளைகள், அதைக் கண் என்று வரைந்துவிடாதீர்கள்.

சரி, ஏன் டோலிகோப்டெரிக்ஸ்? பிள்ளைகள் கையில் எடுத்து இயக்கிப் பார்க்க முடிகிற விஷயம் அதில்தான் இருக்கிறது. மேலே பார்க்கும் கண் சாதாரண லென்ஸ் கண்தான், ஆனால் அதன் பக்கத்தில் ஒரு சின்னக் கிளை புடைத்துக்கொண்டு கீழே பார்க்கிறது, அந்தக் கிளையில் பிம்பத்தைக் குவிப்பது லென்ஸ் இல்லை, ஆடி. ஒளியைத் திருப்பும் குவானின் போன்ற பொருளாலான படிகத் தகடுகள் அடுக்கடுக்காக, இடத்துக்கு இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து நிற்பதால் கீழிருந்து வரும் வெளிச்சம் விழித்திரையில் குவிகிறது. முதுகெலும்புள்ள விலங்கு ஒன்று பிம்பம் குவிக்க ஆடியைப் பயன்படுத்துவது தெரியவந்தது இந்த மீனில்தான் முதன்முதலில், வாக்னர், பார்ட்ரிட்ஜ் முதலானவர்களின் ஆய்வு 2009-இல் அச்சில் வந்தது. அப்புறம் 2014-இல் அதே குடும்பத்தின் ரின்கோஹயாலஸ் என்ற மீனிலும் ஆடி இருப்பதைச் சொன்னார்கள்.

இதை மாதிரியில் காட்டப் பெரிய செலவில்லை. துணியில் தைக்கும் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து ஒட்டி, கீழிருந்து டார்ச் அடித்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தால் வெளிச்சத் துண்டுகள் ஒன்றுகூடுவது கண்முன் தெரியும். பாடத்தில் குழியாடி படித்த பிள்ளை உடனே பிடித்துக்கொள்கிறது, துண்டைத் தானே சாய்த்துப் பார்க்கக் கேட்கிறது. மேக்ரோபின்னாவில் கண்ணைச் சுழற்றிக் காட்டலாம், அதோடு முடிந்தது. ஆனால் ஒட்டும் கோணம் கொஞ்சம் தவறினாலும் வெளிச்சம் சிதறிவிடும், பசை காயும்வரை பொறுமை வேண்டும். நாங்கள் உயர்நிலை வகுப்புப் பிள்ளைகளிடம் மட்டும்தான் காட்டினோம், சின்னப் பிள்ளைகளுக்கு மேக்ரோபின்னா முகமே போதுமாக இருக்கலாம்.

மூன்றாவதாக ஓபிஸ்தோப்ரோக்டஸ் என்ற மீனும் உண்டு, செய்து பார்த்ததில்லை. தட்டையான வயிற்றடி, குடல் முனையில் பாக்டீரியா வெளிச்சம், அதைக் கீழே திருப்பிவிடும் அமைப்பு. எல்இடி வைத்துச் செய்யத் தெரிந்தவர்கள் முயன்று பார்க்கலாம்.